லாபம், ரெண்டு, மூணு

“லாபம்!”

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில் பாவாயி இப்படிக் கத்தியதும், முப்பத்துச் சொச்சம் பேரும் தூக்க வேண்டிய கையைத் தூக்காமல் திரும்பிப் பார்த்தார்கள்.

“ரெண்டு! மூணு! நாலு!” என்று அவர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போனார். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பின்வரிசை வரை பரவி, கைகழுவும் குழாய்கள் பக்கம் நின்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்தது கோபம்.

களத்தில் தானியத்தை, எங்கள் பேச்சில் தவசத்தை, வள்ளம் என்ற பாத்திரத்தால் அளப்பவர்கள் முதல் வள்ளத்தை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள். ‘லாபம்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் ரெண்டு, மூணு. எனக்கும் தெரியும். ஆனால் அது சோளத்துக்கும் கடலைக்கும். என் உடற்பயிற்சி வகுப்பில் கை தூக்குவதற்கா?

என் கோபம் எப்படிப்பட்டது என்று இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் சேலத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். நான் விசில் ஊதினால் மைதானத்துக்கு வெளியே போகிற சைக்கிள்காரரும் ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவார்.

“பாவாயி, இதென்ன மண்டியா? ஒன்னுன்னு சொல்லு” என்றேன்.

கவனித்தீர்களா? ‘சொல்லுங்க’ இல்லை, ‘சொல்லு’. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைக்கூட ‘வாங்க சாமி, பால் குடிங்க’ என்பார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம், அத்தனை பேர் நடுவில், என் வாயிலிருந்து அந்த ‘ங்க’ கழன்று விழுந்துவிட்டது.

“செரிங்க டீச்சர்” என்றார் பாவாயி. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார்.

“லாபம்!”

வேண்டுமென்று செய்யவில்லை. வாய்ப் பழக்கம். ஆனால் சிரிப்பு இப்போது இரண்டு மடங்கு ஆனது. நான் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு அவரை நோக்கி நடந்தேன்.

அங்கே போய் நான் செய்த காரியத்தைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். அதற்குள் வேறு சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

எதுக்கு வந்தீங்க?

போன வாரம் இந்த வகுப்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கெங்கவல்லியிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். “எங்க ஊர்லயும் ஆரம்பிச்சோம் மேடம். பத்து நாள்ல நானும் என் பாயும் மட்டும்தான் மிச்சம். உங்ககிட்ட மட்டும் எதுக்கு வர்றாங்க?”

நல்ல கேள்வி. நானும் அதைத்தான் கேட்டேன், வந்த ஒவ்வொருவரிடமும், முதல் நாளே. பள்ளிக்கூடத்துப் புத்தி போகுமா? நீளமான நோட்டு ஒன்று வாங்கி, பெயர், வயது, ‘எதுக்கு வந்தீங்க?’ என்று கோடு போட்டு வைத்தேன். உடம்பு இளைக்க. சுகர். முட்டி வலி. மகள் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்க. எழுதச் சொன்னால் எல்லோரும் இப்படித்தான் எழுதினார்கள். நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற புதிதில் நானே ஒரு வகுப்பில் சேர்ந்தவள். அப்போது அஸ்தம்பட்டியில் குடியிருந்தோம். ஏற்காடு ரோட்டில் ஒரு மாடி. நாலு பக்கமும் கண்ணாடி. சொல்லிக்கொடுத்த பெண் காதில் மைக் மாட்டிக்கொண்டு ‘கமான், கமான்’ என்று குதித்தாள். நல்ல பெண்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே வந்தவர்கள் அத்தனை பேரும் கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் போனேன். என் பெயர் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பிறகு நான் போகாமல் நின்றதும் யாருக்கும் தெரிந்திருக்காது.

‘இதைவிட நான் நன்றாகச் செய்வேன்’ என்று அன்றைக்கே வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், “செய்யேன், யார் வேண்டாங்கறாங்க?” என்றார். அவருடைய சொந்த ஊரான வெண்ணந்தூருக்குக் குடி வந்ததும் செய்து காட்டினேன்.

நாலு பேரோடு ஆரம்பித்தது. மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் காலையில் காலியாகத்தான் கிடக்கும். முகூர்த்த நாள் என்றால் வகுப்பு கிடையாது. முகூர்த்தத்துக்கு மறுநாள் போனால் கூடம் முழுக்க சாம்பார் வாசம் அடிக்கும். குனிந்து காலைத் தொடும்போதெல்லாம் எங்களுக்குப் பசிக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை என்பதால் அந்த இரண்டு மாதமும் வகுப்பு கொழுத்துவிடும். ஊரெல்லாம் ஆகாத மாதம் என்று சொல்கிற மார்கழியை நாங்கள் மட்டும்தான் வாசல் பார்த்து வரவேற்போம்.

யோகா விரிப்பு கிடையாது. கோரைப்பாய், பழைய ஜமக்காளம், துவைத்த உரச்சாக்கு, எது கிடைக்கிறதோ அது.

சத்தமில்லாத ஒரு மணி நேரம்

கமலாவின் வீட்டில் நாலு விசைத்தறி. நோட்டில் ‘இடுப்பு குறைய’ என்று எழுதியவர். ஒரு நாள் யாரோ ஆர்வமாக ஸ்பீக்கர் கொண்டுவந்து பாட்டுப் போட்டார்கள். வகுப்பு முடிந்ததும் கமலா தனியாக வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“டீச்சர், பாட்டு வேண்டாமுங்க. எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் என்ற காதுல தறிச் சத்தந்தானுங்க. இந்த ஒரு மணி நேரந்தான் சத்தமில்லாம இருக்கறனுங்க. சும்மா எண்ணுனாப் போதுமுங்க.”

அதற்குப் பிறகு ஸ்பீக்கர் வரவில்லை. வாயால் எண்ணுவது மட்டும்தான், ஒரு நாளைக்கு ஒருவர் முறை வைத்து. கமலாவின் இடுப்பு இன்றுவரை ஓர் அங்குலம் குறையவில்லை. ஒரு நாள்கூட அவர் மட்டம் போட்டதும் இல்லை.

முத்துசாமி அண்ணன் வேறு ஒரு ரகம். எங்கள் வகுப்பின் ஒரே ஆண். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகச் சுற்றியவர். கம்ப்ரஸர் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது. எண்ணுவது கேட்காது. முன்னால் நிற்பவர்கள் கையைப் பார்த்துத்தான் தன் கையைத் தூக்குவார். அதனால் எப்போதும் ஓர் எண்ணிக்கை பிந்திதான் இருப்பார். நோட்டில் ‘சுகர்’ என்று எழுதினார்.

ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவரிடம், “ஏனுங்கண்ணா, ஆளையே காணோம்?” என்று யாரோ கத்திக் கேட்டார்கள். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். “என்னையத் தேடுனீங்களா?” என்று கேட்டார். பிறகு ஒரு வாரம், பார்த்தவர்களிடமெல்லாம், “நான் வரலீன்னு தேடுனாங்களாமா!” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இத்தனை வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவரை ஊரில் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. அதுதான் அவருடைய வியாதி. சுகர் அப்புறம்தான்.

கெங்கவல்லி அம்மா, இதுதான் விஷயம். வருகிற காரணம் நோட்டில் இருக்காது.

கையைப் பிடித்தேன்

இனிப் பாவாயியிடம் போகலாம்.

கொஞ்சம் நிலம், கடலையும் சோளமும். இரண்டு எருமை. வீட்டுக்காரர் இல்லை. எப்போதும் சுவர் ஓரமாக, வலது பக்கம் சுவரில் படுகிற மாதிரி நிற்பார். அதிகம் பேசமாட்டார். கொண்டை மட்டும் அத்தனை நேர்த்தியாக இருக்கும். எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்தாலும் அசையாது. நானே அதைக் காட்டி மற்றவர்களிடம், “தலையை இப்படி முடிஞ்சுக்கிட்டு வரணும்” என்று சொல்லியிருக்கிறேன்.

எதுக்கு வந்தீங்க என்று கேட்டபோது, “சும்மாங்க” என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் பக்கத்தில் போனதும்தான் பார்த்தேன், வலது கை தோள் மட்டத்துக்கு மேலே போகவில்லை. எண்ணவும் தெரியவில்லை, தூக்கவும் சோம்பல் என்று என் புத்திக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளைத் திருத்தியிருக்கிறேன்!

“கையை முழுசாத் தூக்கு” என்று சொல்லி, மணிக்கட்டைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினேன்.

பாவாயி கத்தவில்லை. முகம் வெளுத்தது. இடது கையால் மாராப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் கையை விட்டதும் அது தொப்பென்று கீழே விழுந்தது.

மிச்ச வகுப்பை நான் எண்ணினேன். முடிந்ததும் பாவாயி தன் சாக்கை இடது கையால் சுருட்டிக்கொண்டு, “போயிட்டு வாரனுங்க” என்றார். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று.

‘ரோஷம் போலிருக்கு, போகட்டும்’ என்று இருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முத்துசாமி அண்ணன்தான் கேட்டார். “டீச்சர், அந்த லாபத்தம்மா எங்கீங்க? மத்தவிய எண்ணறப்ப வாய் அசையறது மட்டுந்தானுங்க எனக்குத் தெரியுது. அந்தம்மா லாபம்னு போட்டாங்க பாருங்க, அது காதுல உளுந்துச்சுங்க. அன்னிக்கு ஒரு நாளுதான் நான் எல்லாத்துக்கும் முன்னால தூக்கினேன்.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றபோது ஒரே ஒரு ஜோடிக் கைதான் சரியான நேரத்தில் மேலே போயிருந்தது.

மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாவாயி வீட்டுக்குப் போனேன்.

சுவரில் கோடுகள்

கதவைத் திறந்தது மருமகள் கோகிலா. நூல்மில்லுக்குப் போகிற பெண். காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“வாங்க, உக்காருங்க” என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, “எங்கத்தை கையைப் புடிச்சு இழுத்தது நீங்கதானுங்களா?” என்றாள்.

இந்த ஊரில் மரியாதை தவறாமல் அடிக்கத் தெரியும். ஆமாம் என்றேன்.

கோகிலா உள்ளறைச் சுவரைக் காட்டினாள். ஆணியில் தவசம் அளக்கிற வள்ளம் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சாக்பீஸால் சின்னச் சின்னக் கோடுகள். இடுப்பு உயரத்தில் ஆரம்பித்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் போயிருந்தன. கீழே இருந்தவை நெருக்கமாக இருந்தன. ஓர் இடத்துக்கு மேலே இடைவெளி அகலமாகியிருந்தது. தோள் உயரத்தில் கடைசிக் கோடு.

“அத்தைக்கு மார்ல கட்டி எடுத்தாங்க டீச்சர், போன வருஷத்துக்கு முந்தின வருஷம். சேலத்துலதான் ஆபரேசன். பொறவு இந்தக் கை மேல போகல. வெரலைச் செவுத்துல வெச்சு மெல்ல மெல்ல ஏத்தோணும், தெனமும் பண்ணோணும்னு டாக்டரு சொல்லி உட்டாரு. ஊட்டுல பண்ணுனாங்க, அவ்வளவா ஏறல. இங்க பாருங்க, இந்தக் கோட்டுக்கு மேல இருக்கறதெல்லாம் உங்க கிளாசுக்கு வந்த பொறவு ஏறுனது.”

இடைவெளி அகலமான இடத்தைத்தான் காட்டினாள்.

பின்கட்டிலிருந்து பாவாயி வந்தார். எருமைக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிவிட்டு, ஈரக் கையோடு. “வாங்க டீச்சர், எப்ப வந்தீங்க?” என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

நான் எழுந்து நின்று, “பாவாயி, தப்புப் பண்ணிட்டனுங்க” என்றேன். முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளையிடமும் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியது நிறைய.

“அட, அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. கோவமில்லீங்க எனக்கு.”

“பின்னே ஏன் வரலீங்க?”

அவர் கோகிலாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நீங்க கையத் தூக்குனப்ப ஜாக்கெட்டு மேல ஏறிருச்சுங்க. பக்கத்துல நின்னவிய பாத்திருப்பாங்களோன்னு வெசனமாப் போச்சு. ஊருல யாருக்கும் தெரியாதுங்க. தெரிஞ்சா வந்து வந்து உச்சுக் கொட்டுவாங்க. எனக்கு அது ஆகாதுங்க.”

“வீட்டுலயே செய்யலாமே, சுவர்தான் இருக்கே” என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

“ஒண்டியாத் தூக்குனா, வலிச்ச ஒடனே எறக்கிப் போடறனுங்க. அங்க நாப்பது பேரு தூக்கிட்டு நிக்கறப்ப நான் மட்டும் எப்படீங்க எறக்கறது?”

என் நோட்டில் இல்லாத பதில் இது. டிரெய்னிங்கில் எனக்கு யாரும் சொல்லித்தராத பதிலும்கூட.

“கை எவ்வளவு தூரம் போகணும்னு ஆசைங்க?” என்று கேட்டேன்.

பாவாயி சிரித்துவிட்டார். “எம்பட கொண்டைய நானே போட்டுக்கோணும். அவ்வளவுதானுங்க.”

அந்த நேர்த்தியான கொண்டை கோகிலா போட்டுவிடுவது. மில் வேன் விடியுமுன்னே வந்துவிடும். அதற்கு முன்னால் இவரும் எழுந்து, மருமகள் முன்னால் முதுகைக் காட்டி உட்காருவார். நான் அதைக் காட்டித்தான் வகுப்பில் பாராட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்ன நினைத்திருப்பார்!

சட்டை

மறுநாள் காலை வகுப்பில் விசில் ஊதினேன். “நாளையிலிருந்து யூனிபார்ம்” என்றேன். “சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. முழுக்கை. லூசா இருக்கணும். சுடிதார் போடறவங்களுக்கும் இதேதான். ஏன்னு கேட்கக்கூடாது.”

காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது புதிதே இல்லை. சேலைக்கு மேலே வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் களை எடுப்பார்கள். கூடத்தில் ஒரே கூச்சல்.

“எங்கூட்டுக்காரரு சட்டைக்கு இப்பத்தான் ஒடம்பு வளைஞ்சு செய்யற வேலை வந்திருக்குது” என்றார் கமலா.

“நான் என்னத்தைப் போடறதுங்க?” என்றார் முத்துசாமி அண்ணன். அவர் போட்டிருந்ததே சட்டைதான் என்று மூன்று பேர் சேர்ந்து கத்திச் சொன்னார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். “இனிமேல் ஒன்னு கிடையாது. லாபம்தான்.”

அன்றும் அடுத்த இரண்டு நாளும் நானே எண்ணினேன். என் வாய்க்கு அது பழகவே இல்லை. இரண்டு தடவை ‘ஒன்’ என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாவாயி வரவில்லை. கோகிலாவிடம் சட்டை விஷயம் சொல்லி அனுப்பியிருந்தேன். கதவையே பார்த்துக்கொண்டு எண்ணினேன்.

நாலாம் நாள், தொளதொளவென்று மகனுடைய கட்டம் போட்ட சட்டையில் பாவாயி உள்ளே வந்து, சுவர் ஓரம் சாக்கை விரித்தார். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

“இன்னிக்கு எண்ணறது யாரு முறைங்க?” என்றார்.

“உங்க முறைதானுங்க” என்றேன்.

ஏன் சட்டை என்று இன்றுவரை ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று நான் சொன்னதாலா, அவர்களுக்கே புரிந்துவிட்டதாலா, தெரியாது. பக்கத்தில் நிற்கிற கமலா மட்டும் அன்றிலிருந்து பாவாயிக்கும் கதவுக்கும் நடுவில் தன் பாயைப் போட்டுக்கொள்கிறார்.

மார்கழியில் ஒரு நாள்

அதற்கப்புறம் நிறைய முகூர்த்தங்கள் போயின. ஆடி வந்து போயிற்று. சுவரில் கோடுகள் ஏறிக்கொண்டிருந்தன. கோகிலா போனில் படம் எடுத்து அனுப்புவாள். சில மாதம் ஒரு கோடும் ஏறாது. நான் எதுவும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

மார்கழியில் ஒரு காலை. கூடம் நிறைந்திருந்தது, கைகழுவும் குழாய் வரை ஆட்கள். பனிக்குத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பாவாயி வந்தார். தன் இடத்தில் நின்று முக்காட்டை எடுத்தார்.

கொண்டை இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு இடத்தில் முடி பிதுங்கிக்கொண்டு நின்றது. ஒரு ஹேர்பின் பாதிக்கு வெளியே.

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. பெண்களுக்குக் கொண்டையைப் பார்த்தால் போதும், யார் போட்டது என்று தெரிந்துவிடும். கமலா என்னைப் பார்த்தார். நான் கமலாவைப் பார்த்தேன்.

பாவாயி நேரே என்னைப் பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கத் தயாராக வைத்துக்கொண்டார். மூச்சை இழுத்தார்.

ஆனால் அவர் சொல்வதற்கு முன்னால் பின்வரிசையிலிருந்து முத்துசாமி அண்ணன் குரல் வந்தது. காது கேட்காதவர், எவ்வளவு சத்தம் என்று அவருக்கே தெரியாது.

“லாபம்!”

அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள். கூடம் அதிர்ந்தது. அத்தனை கையும் மேலே போயிற்று. சுவர் ஓரத்தில் கட்டம் போட்ட சட்டைக் கை ஒன்று, நடுங்கிக்கொண்டே, காதைத் தாண்டி, கொண்டையைத் தாண்டி மேலே போயிற்று. யாரும் ‘ரெண்டு’ சொல்லவில்லை. அந்தக் கை மேலே நிற்கிற வரைக்கும் நாற்பது பேரும் கையைத் தூக்கியபடியே நின்றார்கள்.

பள்ளியில் என் பிள்ளைகள் கோப்பை வாங்கியிருக்கிறார்கள். சுதந்திர தின அணிவகுப்புக்கு என்னை மேடையில் கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு இருந்த பெருமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

இதை எழுதலாமா என்று கேட்க முந்தாநாள் பாவாயி வீட்டுக்குப் போனேன். என்னென்ன எழுத நினைக்கிறேன் என்று சொன்னேன். எருமைக்குத் தீவனம் போட்டுக்கொண்டே கேட்டார்.

“எழுதுங்க டீச்சர். ஆபரேசனையும் எழுதுங்க. பேரும் போடுங்க. இனி என்னுங்க, உச்சுக் கொட்டறவிய கொட்டட்டும். எனக்கு இப்பக் கை மேல போகுது” என்றார். கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். “ஆனா ஒன்னுங்க. கொண்டை கோணையா இருந்துச்சுன்னு மட்டும் எழுதிப் போடாதீங்க!”

எழுதிவிட்டேன் பாவாயி. கோபித்துக்கொள்ளாதீங்க. நாளைக்கு எண்ணுவது உங்க முறைங்க.